பசங்கள வெளிய கூட்டிட்டுப் போன கதை: சங்கத்தோட இந்த வருஷ ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். செயலாளர்னா அறிக்கை படிச்சே ஆகணும்னு தலைவர் சொல்லிட்டாரு, எழுதிட்டேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பொங்கல் விழா, நோட்டுப் புத்தகம் குடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. புதுசுன்னா பசங்கள வெளிய கூட்டிட்டுப் போனதுதான். மும்பை தாராவியிலயே பொறந்து வளந்த புள்ளைங்க, லீவு விட்டா ஒண்ணு திருநெல்வேலிக்கு ரயில், இல்லன்னா செல்போன்.

முதல்ல மே மாசம் ராணி பாக், அதான் பைகுல்லா மிருகக்காட்சி சாலை. சயான்ல ஸ்லோ லோக்கல் ஏறி பைகுல்லால இறங்கி, 27 புள்ளைங்கள ரெண்டு ரெண்டா கைகோத்து நடக்க வச்சு கூட்டிட்டுப் போனா, கேட்டு பூட்டியிருக்கு. புதன்கிழமை லீவாம். பக்கத்துல பாவ் தாஜி லாட் மியூசியத்தையாவது காட்டலாம்னா அதுவும் புதன்தான் லீவு. கேக்காமப் போன தப்பு என்மேலதான், அதுக்குத் திட்டு வாங்குனது போதும், இன்னிக்கும் எடுக்காதீங்க. அப்படியே பஸ் பிடிச்சு வொர்லி நேரு சயின்ஸ் சென்டருக்குப் போனோம், 1985ல தொறந்தது, தோட்டத்துல நிக்குற பழைய நீராவி இன்ஜினையும் டிராமையும் விட்டு ஒருத்தனும் நகரல.

ராணி பாக்குக்கு அடுத்த வாரமே மறுபடி போயிட்டோம். பெங்குவின்னா பனியிலதான் இருக்கும்னு நானும் நெனச்சேன், இங்க இருக்குறது ஹம்போல்ட் ரகம், பெரு, சிலி கடற்கரைப் பறவை, 2016ல கொரியாவுல இருந்து கொண்டாந்தாங்க. "அதுக்கு மட்டும் ஏசி, நமக்கு ஃபேனா மாமா"ன்னு ஒரு பொடிசு கேட்டுச்சு, பதில் சொல்லத் தெரியல.

டிசம்பர்ல எலிஃபண்டா தீவுல இருக்குற குகைக் கோயில். கேட்வே ஆஃப் இந்தியாவுல இருந்து ஒரு மணி நேரம் போட், அப்புறம் நூத்துக்கும் மேல படி. மூணு முகத்தோட கிட்டத்தட்ட 6 மீட்டர் உசரத்துல நிக்குற சிவனைப் பாத்ததும் அவ்வளவு நேரம் கத்துன கூட்டம் கப்சிப். வெளிய வந்தா குரங்கு. புளியோதரைப் பொட்டலத்தைப் பிடுங்கி, மரத்துமேல உக்காந்து கடலையை மட்டும் ஒண்ணொண்ணா பொறுக்கித் தின்னுட்டு சோத்தை நம்ம தலையில கொட்டுச்சு. புள்ளைங்க இன்னிக்கும் பேசுறது சிவனைப் பத்தி இல்ல, அந்தக் குரங்கைப் பத்திதான்.

ஆனா என்னைக் கேட்டா, வண்டிக்குக் காசே செலவாகாம நடந்தே போன மகாராஷ்டிரா நேச்சர் பார்க்தான் பெஸ்ட். லிங்க் ரோட்டுல நம்ம மூக்குக்கு நேரா இருக்கு, கமிட்டியில பாதிப் பேரு உள்ள போனதே இல்ல, நானும்தான். முன்னாடி அது ஊரோட கச்சடா கொட்டுற இடம், அதுமேல மண்ணைப் போட்டு மரம் வச்சு காடாக்கிட்டாங்க, அந்தப் பக்கம் மித்தி ஆறு. நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் கூட வந்தாரு, ஒரு மரத்தடியில நின்னு செருப்புக் காலால மண்ணைக் கிளறி, "சின்ன வயசுல இங்கதாம்ல தகரம் பொறுக்கி கடையில போட்டேன்"னாரு. பசங்க நம்பவே இல்ல. உடனே குச்சி எடுத்து தோண்ட ஆரம்பிச்சுட்டானுங்க, வாட்ச்மேன் வந்து வெரட்டுற வரைக்கும்.

மால்ல இருக்குற கேம் சோனுக்குப் போகணும்னு கேக்குறவங்க அவங்கவங்க காசுல போங்க, சங்கத்துப் பணத்துல கிடையாது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பாரு. எலிஃபண்டா போட் காசு மூணு வீட்டுல இன்னும் வரல, பேரு சொல்லல, அவங்களுக்கே தெரியும். அப்புறம் ரெண்டு வாட்டர் பாட்டில், ராணி பாக்ல விட்டுட்டு வந்த நீலக் கலர் செருப்பு ஒத்தக் காலு எங்க வீட்டுல இருக்கு, யாரோடதுன்னு பாத்து வந்து எடுத்துட்டுப் போங்க.