ஹோட்டன் சமவெளிப் பயணம்: உறுப்பினர் கவனத்திற்கு

வெளிநாடுகளிலிருந்து வந்து கொழும்பில் கற்கும் நமது குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையிலிருந்து வேனில் புறப்பட்டு, விடியும் வேளையில், மத்திய மலைநாட்டிலுள்ள தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலை அடைய வேண்டும். ஏனெனில், முற்பகல் பத்து மணியளவில் மூடுபனி ஏறிவிட்டால், சுமார் 870 மீற்றர் ஆழத்துக்குச் சரியும் ‘உலக முடிவு’ என்னும் மலை விளிம்பிலிருந்து வெண்மையைத் தவிர வேறெதையும் காண இயலாது. எனவே, எவருக்காகவும் வேன் காத்திருக்காது.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில், அதிகாலைக் குளிரில், ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடக்கவிருப்பதால், கம்பளிச் சட்டை, மழை அங்கி, வழுக்காத சப்பாத்து ஆகியன அவசியம். கடவுச்சீட்டையும் மாணவர் விசாவின் பிரதியையும் மறவாதீர்கள். உணவைப் பொலித்தீனில் சுற்ற வேண்டாம், நுழைவாயிலிலேயே அகற்றிவிடுவார்கள். வாகனத் தரிப்பிடத்தில் நெருங்கிவரும் மரை எனும் பெரிய மான்களுக்கு, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், உணவளிக்காதீர்கள். அது அவற்றுக்கே தீங்கு. வருவோர் புதன்கிழமைக்குள் இங்கே பெயரைப் பதியுங்கள்.