ரோமர் ஆண்டார்கள், ஊர் பேசியது இலத்தீன் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இயேசு காலத்து யூதேயா பற்றி வந்த கட்டுரையை என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். ரோமர் வந்ததும் மக்கள் இலத்தீனுக்கு மாறிவிட்டார்கள் என்ற வரியைப் படித்ததும் மூடி வைத்துவிட்டேன். அது தவறு.

இலத்தீன் அங்கே இருந்தது, சரி. செசரியாவில் 1961இல் கிடைத்த, ரோம ஆளுநர் பிலாத்துவின் கல்வெட்டு இலத்தீன்தான். ஆனால் அது ஆளுநருக்கும் படைக்கும் உரிய மொழி. அலெக்சாந்தர் காலத்திலிருந்தே கிழக்கில் வேரூன்றியிருந்தது கிரேக்கம்; ரோமர் அதை வைத்தே காரியம் பார்த்தார்கள். வேற்றினத்தார் உள்ளே வந்தால் மரணம் என்று எருசலேம் ஆலயத்தில் எச்சரித்த கல் 1871இல் கிடைத்தது. அதுவும் கிரேக்கம்தான்.

இதற்கு பாபத்தா என்ற யூதப் பெண்ணைவிட நல்ல சாட்சி இல்லை. சவக்கடல் அருகே ஒரு குகையில் 1961இல் அவள் ஒளித்து வைத்த பத்திரக் கட்டு கிடைத்தது. சுமார் 35 பத்திரங்கள்; கி.பி. 94 முதல் 132 வரையிலானவை. அவள் ஊர் யூதேயாவுக்குப் பக்கத்து அரபு அரசான நபத்தேய அரசில் இருந்தது. பழைய பத்திரங்கள் அங்கே மக்கள் பேசிய அரமேய மொழியில், நபத்தேய அரமேயத்திலும் யூத அரமேயத்திலும் இருக்கின்றன. கி.பி. 106இல் ரோமர் அந்த அரசைத் தம் மாகாணமாக்கிய பிறகு பத்திரமொழி மாறுகிறது. மாறியது இலத்தீனுக்கு அல்ல, கிரேக்கத்துக்கு! தகப்பனில்லாத மகனுக்குக் காப்பாளர்கள் மாதம் இரண்டு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) மட்டும் தருகிறார்கள், அது போதாது என்று அவள் போட்ட வழக்கும் கிரேக்கத்தில்தான். (அந்த மகன் பெயரும் இயேசுதான், அப்போது சர்வசாதாரணமான பெயர்.) அவளுக்கோ எழுதத் தெரியாது. கிரேக்கப் பத்திரங்களின் அடியில் அரமேயத்திலும் நபத்தேய எழுத்திலும் கையொப்பங்கள் இருக்கின்றன. அரசாங்கத்துக்கு ஒரு மொழி, தன் பெயரை எழுத இன்னொரு மொழி.

எபிரேயமும் அப்போது செத்துப்போகவில்லை. கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக யூதர் எழுப்பிய பார் கோக்பா கலகத்தின் கடிதங்கள் எபிரேயம், அரமேயம், கிரேக்கம் மூன்றிலும் கிடைத்திருக்கின்றன.

என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "தலீத்தாகூமின்னு அந்த இடத்துல மட்டும் ஏன் புரியாத வார்த்தை?" மாற்கு தன் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதினார். யவீருவின் பன்னிரண்டு வயது மகளை இயேசு கைபிடித்து எழுப்பிய இடம் வந்ததும், அவர் சொன்ன அரமேயச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்திலேயே 'சிறுபெண்ணே எழுந்திரு' என்று பொருளும் சொன்னார். அந்தக் குழந்தை காதில் விழுந்த சொல் அது. தமிழ் வேதாகமமும் அதை மாற்றவில்லை. இலத்தீன் பேசிய ஊர் என்று சொன்னால் இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

வரும் இதழில் திருத்தம் வெளியிடுங்கள். கூடவே பாபத்தாவின் பத்திரம் ஒன்றின் படமும் வந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை