டிபனைக் கொடுத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சிற்றுண்டிக் கட்டுரையில், ‘டிபன்’ நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் என்று போட்டிருந்தீர்கள். அது அவர்கள் இங்கே விட்டுப்போன சரக்கு.

1785இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் லண்டனில் ஒரு கொச்சைச் சொல் அகராதி வெளியிட்டார். அதில் ‘டிஃபிங்’ இருக்கிறது: வேளைகெட்ட வேளையில் தின்பது, குடிப்பது. (சண்டை போடுவது என்றும் ஒரு பொருள் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.) ‘டிஃப்’ என்றால் ஒரு மடக்கு மது. அந்தக் கொச்சைதான் கப்பலேறி வந்து, இங்கிருந்த வெள்ளைக்காரர்களின் மதிய உணவுக்குப் பெயரானது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களுக்கென 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இப்படித்தான் சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவரே.

இரண்டு வேளைக்கு நடுவே வாயில் போடுவதற்கு ஆங்கிலத்தில் இப்படிப் பழைய சொற்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், பாதி குடியில் தொடங்கியவை. ‘நன்ச்சன்’ என்ற வழக்கொழிந்த சொல்லைப் பிரித்தால் நண்பகலில் ஊற்றிக் கொடுக்கும் பானம். ‘பீவர்’ என்பது குடிப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல், ‘பெவரேஜ்’ அதன் பங்காளி. இரண்டுமே பிறகு ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகிவிட்டன. நாமும் ‘கஞ்சி குடிச்சாச்சா’ என்றுதானே சாப்பாட்டை விசாரிக்கிறோம்!

சில வருடம் முன்பு வட இங்கிலாந்தின் நியூகாசிலில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். கொதிகலன் பழுதுபார்க்க வந்தவர் பத்தரை மணிக்குக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ‘பெயிட்’ நேரம் என்றார். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான். எனக்குத் தூண்டில் புழுதான் ஞாபகம் வந்தது. அவர் டப்பாவைத் திறந்தால் ஹாம் சாண்ட்விச். கடிக்க வைப்பது என்ற பழைய நார்ஸ் சொல்லில் பிறந்து, வழியில் குதிரைக்கு வைக்கும் தீனியையும் குறித்த சொல் அது. இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. தெற்கே யார்க்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத் தொழிலாளிக்கு அதுவே ‘ஸ்நாப்’. அவர்களுடைய தகர டப்பாவை ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன்: அச்சு அசல் ரொட்டித் துண்டின் வடிவம், மேல்பக்கம் வளைவு, ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு பாதி. சுரங்கத்து எலிக்குப் பயந்து செய்தது. இதே தீனிக்குத் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் தகரச் சுரங்கத்தில் வழங்கிய ‘கிரிப்’ ஆஸ்திரேலியச் சுரங்கம்வரை போயிருக்கிறது.

1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்டு ஆர்டன் குழு இங்கிலாந்தில் 313 ஊர்களுக்குப் போய், பெரும்பாலும் வயதான குடியானவர்களிடம் உட்கார்ந்து இப்படிப்பட்ட சொற்களைக் கேட்டு எழுதியது. நடவு வயலில் பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நம் ஊர்களில் என்ன பெயர்? திருத்தம் போடும்போது இதையும் வாசகர்களிடம் கேட்டுப் பாருங்கள். வந்ததை ஊர் வாரியாகப் பிரித்துத் தர நான் தயார், மாலை டிபனுக்குப் பிறகு.

– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கும்பகோணம்