கைநாட்டு பிஸாரோ

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கண்புரை எடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பொடி எழுத்தும் இப்போது பளிச்சென்று தெரிகிறது. அந்த ஜோரில் பேத்தியின் மேசையில் கிடந்த ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து ஒரே மத்தியானத்தில் முடித்தேன். தென் அமெரிக்காவில் இன்கா பேரரசைப் பிடித்த ஸ்பானியன் பிரான்சிஸ்கோ பிஸாரோவின் வாழ்க்கைச் சுருக்கம்.

நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன் கண்ணில் முதலில் என்ன படும், சொல்லு? ஆள் கைநாட்டு! கையெழுத்துப் போடும் இடத்தில் இரண்டு சுழி மட்டும் சுழிப்பானாம். நடுவில் பெயரை எழுத்தர் எழுதிக்கொள்வார். பெருவிரலில் மை தடவி, கை நடுங்காமல் பிடித்து நாம் எத்தனை பேருக்கு ரேகை வைத்திருப்போம்!

1532 நவம்பர் 16, பெருவின் கஹமார்கா ஊர்ச் சதுக்கம். பிஸாரோவிடம் 168 பேர்தான். இன்கா மன்னன் அதாவல்பா ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு பல்லக்கில் வருகிறான். வால்வெர்தே என்ற பாதிரியார் போய் வேதப் புத்தகத்தை நீட்டுகிறார். மன்னன் வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிகிறான். அவ்வளவுதான், ஒளிந்திருந்த பீரங்கியும் குதிரையும் பாய்ந்தன. முடிச்சுப் போட்ட கயிறுகளில் கணக்கு வைத்த ஜனத்துக்குத் தாளும் மையும் என்ன தெரியும்? சரி, அதே புத்தகத்தைப் பிஸாரோ கையில் கொடுத்திருந்தால் அவன் மட்டும் வாசித்திருப்பானா?

அப்புறம் மீட்புத்தொகை. சிறைப்பட்ட மன்னன் ஓர் அறை நிறையத் தங்கம், அதைப் போல இரண்டு பங்கு வெள்ளி தருவதாகச் சொல்லி, கொடுக்கவும் கொடுத்தான். கோயில் தகடு, குடம், சிலை எல்லாம் உலையில் போய்க் கட்டியாக வந்தன. அப்படியும் 1533இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். புத்தகத்தில் இதற்கு ஒரே வரி: "அதாவல்பாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது." யார் நிறைவேற்றினார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. எழுதிக் கொடுப்பவர் பெயர் இல்லாமல் ஒரு பத்திரம் கொண்டுபோயிருந்தால் பதிவாளர் நம் முகத்திலேயே விட்டெறிந்திருப்பார்.

பிஸாரோவும் 1541இல் லிமாவில், பகையாகிப்போன பழைய கூட்டாளி அல்மாக்ரோவின் ஆட்கள் கையாலேயே செத்தான். இதற்கு மேல்தான் வேடிக்கை. 1891 முதல் லிமா பேராலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உடலை வைத்து, இதுதான் பிஸாரோ என்று காட்டிவந்தார்கள். 1977இல் நிலவறையில் வேலை நடந்தபோது ஓர் ஈயப் பெட்டி அகப்பட்டது. உள்ளே மண்டை ஓடு, மேலே 'பிஸாரோவின் தலை' என்று பொறிப்பு. சோதித்துப் பார்த்தால் அதுதான் நிஜம். அத்தனை வருஷம் யாரோ ஒருவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பொறிப்பையும் அவன் வாசித்திருக்க மாட்டான்.

பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள். ஓரத்தில் பென்சிலால் 'யார்?' என்று எழுதி வைத்திருந்தேன். அதற்குத் திட்டு வாங்கினேன். தை பிறந்ததும் வந்து நாலு நாள் தங்கு. மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதே.

அன்புடன்,
ராமு