அப்பாவோடு மலை ஏறிய மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

வணக்கம். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பா போன பிறகு நீங்கள் பினாங்குக் கொடிமலைப் பக்கமே போவதில்லை என்று அத்தை சொன்னார். விடியுமுன்பே எழுந்துவிடுகிறீர்களாம், ஆனால் வாசலோடு சரியாம். இதை நேரில் பேச வந்தால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவோடு நடந்தவர்களும், அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்தவர்களும் பினாங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

அப்பா கொடிமலை ரயிலில் ஏறி நான் பார்த்ததே இல்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களை ஆயர் ஈத்தாமில் ரயிலேற்றிவிட்டு, தான் மட்டும் மூன் கேட் வாசலில் தொடங்கும் மலைப்பாதை வழியாக நடந்து மேலே வருவார். 833 மீட்டர் மலை. கடைசிப் பகுதியின் செங்குத்தில் இளவட்டங்களே நின்று நின்று மூச்சு வாங்குவார்கள். அவரோ முதுகில் தண்ணீரும் சீனியும் சுமந்துகொண்டு ஏறுவார். பாதி வழியில் இருக்கும் ஓய்வுக் கொட்டகையில் தேநீர் சும்மா கிடைக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தேநீரின் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் யாரோ ஒருவர் முதுகில்தான் மேலே போகிறது. அங்கே கெட்டில் வைத்த சீனப் பெரியவர்களோடு பேசிப் பேசித்தான் அப்பா ஹொக்கியென் கற்றார். இறுதிச் சடங்குக்கு அந்தப் பெரியவர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையில் வந்து, கடைசி வரை நின்றார்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ரயிலில் ஏறாததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. உங்களிடமும் சொல்லியிருப்பார். ரயில் ஓடத் தொடங்கியது 1923இல். அதற்கு முன்பு துரைமார்கள் மேலே உள்ள பங்களாக்களுக்குக் குதிரையில் போவார்கள், இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, ஆட்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். "துரை பேரு பங்களாவுல இருக்கு, தூக்கிட்டுப் போனவன் பேரு எங்கேயும் இல்லடா" என்பார். அந்தப் பாதையில் கால் வைக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வாராம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன் அவர், அதனால்தானோ என்னவோ.

காட்டை அவர் புத்தகத்தில் படித்தவரில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். லோத்தோங் குரங்கின் குட்டி பிறந்ததும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வளர வளரச் சாம்பலாகும் என்று எனக்குக் காட்டியவர் அவர். தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் குட்டியை நான் கை நீட்டிக் காட்டப் போக, "விரலை நீட்டாதே, பயந்துக்கும்" என்று என் கையை மெல்லக் கீழே இறக்கினார். தாவரவியல் பூங்காவில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை இருக்காது. கையேந்தப் பழகிய குரங்கு நாளைக்குக் குழந்தையின் கையைக் கடிக்கும், பிறகு அதைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நின்று விளக்குவார். மலாய், தமிழ், ஹொக்கியென், எந்த மொழி தேவையோ அதில். 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த செய்தியைக் கத்தரித்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அம்மா எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

மாமா, அப்பாவை மலைப் பைத்தியம் என்று சிலர் செல்லமாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. 2017 நவம்பர் 4 இரவு வந்த மழையையும் காற்றையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு உயிர்கள் போயின, மலையில் மண் சரிந்தது, ரயில் நின்றது. மறுநாள் காலையில் அப்பா மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் கம்பத்து மலாய்ப் பாட்டி வீட்டுக்குப் போனார், அப்புறம் நம் ஆட்களின் வீடுகளுக்கு. நீங்கள் உங்கள் லோரியைக் கொண்டு வந்தீர்கள். நனைந்த மெத்தைகளை இரண்டு பேரும் தூக்கித் தூக்கி ஏற்றினீர்கள். மதியம் கோயில் மண்டபத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்தது. சோறு வாங்க வெட்கப்பட்டு ஓரமாக நின்ற குடும்பங்களை அப்பா கூப்பிடவில்லை. தட்டை அவரே எடுத்துக்கொண்டுபோய், "கொஞ்சம் பிடிங்க, நான் இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்" என்று கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் பக்குவத்தை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மலையை மூடினார்கள். அப்போது எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் அடிக்கடி நின்றுவிடும். மேல் மாடிகளில் இருந்த வயதானவர்களுக்கு அரிசியும் மருந்தும் தூக்கிக்கொண்டு அப்பா படியேறினார். நடக்காமல் இருக்க அவரால் முடியாது, வெறும் கையோடு நடக்கவும் முடியாது.

இனி நான் சொல்ல வந்தது. தைப்பூசத்துக்கு நம் தண்ணீர்ப் பந்தலை யார் பார்த்துக்கொள்வது என்று பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். இடம் இருக்கிறது, பணமும் சேர்ந்துவிடும். ஆனால் பானகத்துக்கு எவ்வளவு புளி, எவ்வளவு வெல்லம், எத்தனை அண்டா மோர், வெள்ளிரதம் வரும் நேரத்தில் கூட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் உங்கள் இரண்டு பேர் தலையில் மட்டுமே இருந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் வெயிலில் ஏறி இறங்கி வருபவர்களுக்கு அப்பா முதலில் கொடுப்பது மோர், அதன் பிறகுதான் சாப்பாடு. ஏன் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லாரும் போன பிறகு குப்பை பொறுக்கி, உடைந்த தேங்காய் ஓடுகளைக் கூட்டி அள்ளிய பிறகுதான் அவர் உட்காருவார். பாலிஸ்டைரின் டப்பா ஒன்றுகூட நம் பந்தலுக்குள் வரக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை போட்டு ஜெயித்தார். இதையெல்லாம் கூடவே இருந்து செய்தவர் சொல்லிக் கொடுத்தால்தான் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஆள் நீங்கள்தான்.

ஆனால் நீங்கள் மலைக்கே வராமல் பந்தலுக்கு மட்டும் வருவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது மாமா. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் குரல் கேட்கும், எனக்கும் கேட்கிறது. ஒருநாள் கொட்டகைக்கு மட்டும் போய் வந்தேன். பெரியவர் ஒருவர் கோப்பையை நீட்டிவிட்டு முதலில் கேட்டது, "உங்கப்பா கூட வருவாரே லோரிக்காரர், அவர் எங்கே?" என்றுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மூன் கேட் வாசலில் இருப்பேன். உச்சி வரைக்கும் வேண்டாம், கொட்டகை வரை போதும், முட்டி வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். தண்ணீரை நான் தூக்குகிறேன், நீங்கள் சீனி மட்டும் கொண்டு வாருங்கள், அங்கே தீர்ந்துபோயிருக்கிறது. பந்தல் பிள்ளைகளில் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அத்தையிடமும் பேசிவிட்டேன், பசியாற இட்லி கட்டித் தருகிறாராம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்