கிளையன்டின் பெயரைச் சொல்லித் தலைமுடியைத் தள்ளாதீர்கள்

அமெரிக்காவில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் தமிழ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, சார்லட், எடிசன் என்று நம்மவர்கள் குவிந்திருக்கும் ஊர்களில், நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கம் இன்று நிறையத் தமிழர்கள் உட்கார்ந்திருக்கிறோம். டெலிவரி மேனேஜர், டைரக்டர், கிளையன்ட்களுக்கு ஆள் பிடித்துத் தரும் வெண்டர் கம்பெனி முதலாளி என்று பதவிகள் வேறுவேறு. ஒருவரை எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் இடத்தில் எல்லோருமே இருக்கிறோம். கறுப்பினத்தவரின் இயல்பான முடியைக் காரணம் காட்டி வேலையிடத்தில் நடக்கும் பாகுபாடு பற்றி அமெரிக்க செனட்டுக்கு எழுத ஆட்கள் உண்டு. பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். நமக்குத்தான் யாரும் எழுதுவதில்லை. அது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுவில் ஓடும் பழைய வழக்கு, நமக்கென்ன என்று நாமும் சௌகரியமாக ஒதுங்கிக்கொள்கிறோம்.

ஒதுங்க முடியாத இடத்துக்கு நாம் வந்து வெகுநாளாகிவிட்டது. நேர்காணல் முடிந்ததும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். "டெக்னிக்கலா ஸ்ட்ராங்தான். ஆனா கொஞ்சம் பாலிஷ் பத்தாது." "கிளையன்ட் முன்னாடி நிறுத்த முடியுமான்னு யோசிக்கணும்." முடி என்ற சொல் யார் வாயிலும் வராது. பாலிஷ் என்றால் எது, பேச்சா, பதிலா, உடையா என்று ஒருமுறை நான் கேட்டேன். சொன்னவர் தன் தலையைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை; படிவத்தில் ஏறிய காரணம் வேறு எதுவோ.

இது ஏதோ நான் பார்த்த ஒரு கூட்டத்தின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2010இல் அலபாமா மாநிலம் மொபைல் நகரில், கேட்டஸ்ட்ரஃபி மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தில் சேஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண் வேலைக்கு விண்ணப்பித்தார். வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை. கோட் சூட் போட்டு, சுருள்முடியைக் கயிறுகயிறாகத் திரித்துவிடும் லாக்ஸ் என்ற குட்டையான சிகையலங்காரத்தோடு நேர்காணலுக்குப் போனார். தேர்வும் ஆனார். அதற்குப் பிறகுதான் மனிதவள மேலாளர் அவருடைய முடியைப் பற்றிக் கேட்டார். லாக்ஸோடு வேலையில் சேர்க்க முடியாது, "அது அலங்கோலமாகிவிடும், உங்களுடையது அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்" என்ற பொருளில் அவர் பேசியது நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. ஜோன்ஸ் வெட்ட மறுத்தார். வேலை போயிற்று. முகமே தெரியாத தொலைபேசி வேலைக்கு இந்தக் கதி என்றால், கிளையன்ட் பார்ப்பார் என்கிற நம் வாதத்துக்கு என்ன மதிப்பு?

வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் அமெரிக்க அரசின் சமவாய்ப்பு ஆணையம் அவர் சார்பில் வழக்குப் போட்டது. 2016இல் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இனம் என்பது மாற்ற முடியாத உடற்கூறு, முடியை எப்படி வைத்துக்கொள்வது என்பது மாற்றக்கூடிய ஒன்று, எனவே 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் காப்பாற்றாது என்பது அதன் வாதம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்க மறுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், தலையைச் சுற்றிப் பந்துபோல விரிந்து நிற்கும் ஆஃப்ரோ முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவது இனப் பாகுபாடுதான் என்று இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. முடி வளர்ந்தபடி நின்றால் இனம். அதையே திரித்தாலோ பின்னினாலோ ஃபேஷன். இந்த வித்தியாசத்தை 1981இல் இன்னும் முரட்டுத்தனமாகச் சொன்னார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த ரெனே ராஜர்ஸ், தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ பின்னலுக்காக நீதிமன்றம் போனபோது, அந்தப் பின்னலை ஒரு வெள்ளைக்கார நடிகை அண்மையில்தான் திரைப்படத்தில் பிரபலமாக்கினார் என்பதையும் நீதிபதி தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார். வேலை நேரத்தில் பின்னலைக் கொண்டையாக முடிந்து, மேலே சவுரி சுற்றி மறைத்துக்கொள்ளலாம் என்று விமான நிறுவனம் யோசனையும் சொல்லியிருந்தது.

பின்னல் ஃபேஷனா? எண்ணெய் வைத்து ரெட்டைச்சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய அம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். கறுப்பினத்தவருக்கு இது இன்னும் அவசியமான காரியம். அந்த முடியின் குறுக்குவெட்டு நம்முடையதைவிடத் தட்டை. முளைக்கும் குழியே வளைந்திருக்கும். ஒவ்வொரு வளைவிலும் முடி பலவீனமாகிறது. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை நேரான முடியில் இறங்குவதுபோல நுனிவரை இறங்காது. அதனால் சீக்கிரம் காயும். தினமும் தலைக்குக் குளித்துச் சீப்புப் போட்டால் உடையும். பிரித்துப் பிரித்துப் பின்னி, அல்லது திரித்து, வாரக்கணக்கில் தொடாமல் விடுவது அந்த முடியைக் காப்பாற்றும் வழி. நுணுக்கமான பின்னல் போட அரை நாள் பிடிக்கும், சில சமயம் முழுநாள். அப்படி ஒரு நாளைச் செலவழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் "தலையைக் கூட ஒழுங்கா வாரல" என்கிறோம்.

ஒழுங்கு என்று நாம் மனதில் வைத்திருப்பது நேராகத் தொங்கும் முடி. அதற்கு அவர்கள் முன்னால் இருந்த முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று ரிலாக்ஸர் என்கிற ரசாயனக் குழம்பு. அதன் பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, நாம் சாக்கடை அடைப்பெடுக்கப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா. தோலில் பட்டால் புண்ணாகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மறுபடி போட வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். ரசாயனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது என்கிறது. அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அந்தப் பெண். அவர் தோளில் அதை நம் அலுவலகம் ஏற்றிவைக்கக் கூடாது.

இன்னொரு வழி விக், ஒட்டுமுடி. இங்கே நாம் வெளியாட்கள் என்ற பேச்சே எடுபடாது. திருப்பதியிலும் பழனியிலும் இறக்கும் முடி ஏலம் போகிறது. வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும் அந்த நீள முடிக்கு, ரெமி என்ற பெயரில், உலகச் சந்தையில் நல்ல விலை. கிராமத்தில் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி வைத்திருந்து தெருவில் வருகிறவரிடம் பாத்திரத்துக்குப் போடுகிறோமே, அதுவும் தரம் பிரிக்கப்பட்டு மலிவான விக்குகளுக்குப் போகிறது. வாங்கித் தலையில் வைப்பவர்களில் பெரும்பங்கு அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கும் கறுப்பினப் பெண்கள். ஆசைக்காக வைப்பவர்கள் உண்டு, அதில் நமக்குச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் நேர்காணலுக்காக, நம்மைப் போன்ற ஒருவர் முன்னால் வந்து உட்காருவதற்காக வைப்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் பக்தையின் முடியை நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு வந்தால்தான் நாம் "நீட்டா இருக்காங்க" என்போம்.

இதில் எனக்கு வரும் கோபத்துக்குக் காரணம், நமக்கு இது தெரியாததல்ல. ஊரில் குழுத் தலைவியே பழனிக்குப் போய் மொட்டையோடு திங்கட்கிழமை வேலைக்கு வந்தால், சந்தனம் காய்ந்துவிட்டதா என்று கேட்பார்களே தவிர, கிளையன்ட் மீட்டிங்குக்கு வர வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் பாதி அலுவலகம் தாடியோடு திரியும். தலையும் முகமும் வேறு மாதிரி இருந்தாலும் வேலை நடக்கும் என்பதை அனுபவத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே வந்தபின்? 1987இல் நியூ ஜெர்சியில் டாட்பஸ்டர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல், நெற்றிப் பொட்டை அடையாளமாக வைத்து இந்தியர்களைத் தாக்கியது. இன்றும் நேர்காணலுக்குக் கிளம்பும்போது காரில் கண்ணாடி பார்த்துப் பொட்டை எடுத்து டாஷ்போர்டில் ஒட்டிவைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள்.

நம் பார்வை கெட்டிருப்பதற்கு வெள்ளைக்காரர்களை மட்டும் கைகாட்ட முடியாது. மாப்பிள்ளை பார்க்கும்போது நிறத்தையும் முடியையும் எடைபோட்ட கண்ணோடுதான் விமானம் ஏறினோம். ஒரு சின்னச் செய்தி: இயல்பான முடிக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்கும் இயக்கத்தை இங்கே முன்னின்று தொடங்கியவர்களில் டவ் சோப்பு நிறுவனமும் ஒன்று. அதன் தாய் நிறுவனமான யூனிலீவர்தான் நம் ஊரில் ஃபேர் அண்ட் லவ்லி விற்றது. 2020இல்தான் பெயரை மட்டும் மாற்றியது. இதைச் சொல்லி அந்த இயக்கத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. நம் வீட்டு அலமாரியில் எது இருந்தது என்று ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வருவோம். இயல்பான முடியைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை 2019இல் முதலில் நிறைவேற்றிய மாநிலம் கலிஃபோர்னியா. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. டெக்சஸில் 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது; பின்னல், லாக்ஸ், முடியை இரண்டிரண்டாக முறுக்கும் ட்விஸ்ட் எல்லாம் அதில் அடங்கும். நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 235க்கு 189 என்று தேறி, செனட்டில் நின்றுபோனது. இருக்கும் சட்டத்திலும் ஓட்டை உண்டு. டெக்சஸில் ஒரு பள்ளி தன் கறுப்பின மாணவனை லாக்ஸின் நீளத்துக்காக மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தது; சட்டத்தில் நீளம் பற்றிப் பேச்சில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதியும் பள்ளிக்குச் சாதகமாகச் சொன்னார். ஆகவே "எங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கா?" என்று கூகுளில் தேடிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள்.

கிளையன்ட் கேட்கிறார் என்ற சாக்கும் செல்லாது. பயணிகள் பெண்களைத்தான் விரும்புகிறார்கள், அதனால் ஆண்களைப் பணிப்பெண்கள் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று பான் ஆம் விமான நிறுவனம் சொன்னதை 1971லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கிப் போட்டது. வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயம் ஆகாது. அதோடு, நம் கிளையன்ட்களில் எத்தனை பேர் உண்மையில் முடியைப் பற்றி வாய் திறந்திருக்கிறார்கள்? பெரும்பாலும் அவர் நினைப்பார் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். கோவல், ரோசெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அதில் பங்கேற்றவர்கள் இயல்பான முடியோடு இருந்த கறுப்பினப் பெண்களை, நேராக்கிய முடியோடு இருந்தவர்களைவிடத் திறமை குறைந்தவர்களாகவே மதிப்பிட்டார்கள். நேர்காணலுக்குப் பரிந்துரைக்கவும் தயங்கினார்கள். கன்சல்டிங் வேலை என்று சொன்னபோது இருந்த இந்தப் பாரபட்சம், விளம்பரத் துறை வேலை என்று சொன்னபோது இல்லை. நம்மில் பலர் இருப்பது கன்சல்டிங்கில்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கருத்துக் கூட்டத்தில் யாராவது "பாலிஷ்", "பிரசென்டபிள்", "கல்ச்சர் ஃபிட்" என்றால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலில் அது தெரிந்தது என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் படிவத்தில் ஏற்றாதீர்கள். ஊழியர் கையேட்டில் "தீவிரமான சிகையலங்காரம் கூடாது", "இயற்கையாகவும் நேர்த்தியாகவும்" போன்ற வரிகள் இருந்தால் எடுக்கச் சொல்லி எச்.ஆருக்கு எழுதுங்கள், இயந்திரத்துக்குப் பக்கத்தில் முடியைக் கட்டவேண்டும், சமையலறையில் வலை போடவேண்டும் என்று வேலைக்குத் தேவையானதை மட்டும் எழுதினால் போதும். குழுவில் ஒருவர் வெள்ளிக்கிழமை ஆஃப்ரோவோடு போய்த் திங்களன்று நீளப் பின்னலோடு வந்தால் அதை மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடப் பேச்சாக்க வேண்டாம். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, இதை அமெரிக்க எச்.ஆர் ஆட்கள் யோசிக்கவே மாட்டார்கள், நாம்தான் செய்ய வேண்டும். இங்குள்ள வேலைகளுக்கு முதல் வடிகட்டல் சென்னையில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் ரெக்ரூட்டர் பிள்ளைகளிடம் நடக்கிறது. வீடியோவில் ஒரு முகத்தைப் பார்த்து, பத்து நிமிடம் பேசி, "சூட் ஆகாது" என்று அவர்கள் குறிக்கும் பெயர்கள் நம் பார்வைக்கே வருவதில்லை. இருபத்திரண்டு வயதில், கறுப்பினத்தவர் ஒருவரோடும் பழகாமல், சினிமாவில் பார்த்ததை வைத்து அவர்கள் முடிவெடுக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் அந்தத் திரை வரைக்கும் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள் வெண்டருக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நிராகரித்த ஒவ்வொரு பெயருக்கும் நேராக, வேலை சம்பந்தப்பட்ட காரணம் ஒன்று எழுத்தில் வேண்டும் என்று. ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலை நீங்களே திறந்து படியுங்கள். பதிவு செய்த வீடியோ இருந்தால் இரண்டு மூன்றை ஓடவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டனில் உங்களைப் போலவே ஆள் எடுக்கும் ஒருத்தி