தரையை யார் துடைப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கைப் பொருள்களால் வீட்டை அலங்கரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காரைக்குடியில் 17 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் எங்கள் பக்கத்து ஆத்தங்குடி கிராமத்தில் கையால் செய்யும் தரை டைல்ஸைச் 'சுட்ட மண்' என்று எழுதிவிட்டீர்கள். அது சூளையைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் பூப்பூவாக ஊற்றுவார்கள். அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. "சிமென்ட் இருக்கே, அப்புறம் என்ன இயற்கை?" என்று ஒருவர் என்னை மடக்கினார். மடங்கத்தான் வேண்டியிருந்தது. கைவேலை, உள்ளூர் மணல், விறகு எரிப்பதில்லை என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

புது வீட்டுக்குப் போனால் பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால், "தினமும் தரையை யார் துடைப்பா, எதை வெச்சுத் துடைப்பா?" என்று கேட்பேன். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீட்டுக்கு ஆத்தங்குடி சரிப்படாது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலே தடம் விழும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவந்தால் வருடம் ஏற ஏற மெருகு ஏறும். இதைச் சொன்னபோது ஒரு வீட்டம்மா, "எண்ணெய் போட்டா வழுக்காதா? எங்க அத்தைக்கு 78 வயசு" என்றார். நான் யோசிக்காத விஷயம். பெரியவர் அறைக்கு மட்டும் சொரசொரப்பாக விட்ட கடப்பா கல்லைப் போட்டோம்.

கட்டுரையில் சுண்ணாம்புப் பூச்சுக்கு இரண்டே வரிதான் கொடுத்திருந்தீர்கள். எனக்கு அதில்தான் ஆதங்கம். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி வாரக்கணக்கில் ஊற வைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு மணலோடு அரைக்க வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு கெட்டிப்படும். அந்த வேலையை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கையில் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வருகிறார்கள். "20 நாள்ல முடிச்சுடுங்க மேடம்." முடியாது என்றால், வாளியில் வரும் பெயின்டை 'சுண்ணாம்பு ஃபினிஷ்' என்று அடித்துக் கொடுக்க வேறு ஆள் இருக்கிறார். பார்வைக்கு அப்படியே இருக்கும். பல வாளிகளில் இருப்பது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகை.

நானும் ஒன்றும் உத்தமி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பழைய வீட்டு முகப்பில் சுவரின் அடிப்பகுதி பெயர்ந்திருந்தது. சிமென்ட் பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. பார்க்க வந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் வெளிய போற வழியை அடைச்சுட்டீங்களேம்மா" என்றார். என் செலவில் கொத்தி எடுத்துவிட்டு, அவரை வைத்தே சுண்ணாம்பு பூசினேன். அவரிடம் கற்றதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. பழைய பர்மா தேக்குத் தூணைப் புது வீட்டு வரவேற்பறையில் நிறுத்தியதைப் பாராட்டியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அப்படிப்பட்ட தூண்களும் கதவு நிலைகளும் நிறையவே கிடைக்கும். எங்கோ ஒரு வீட்டை இடித்தால்தான் அவை கடைக்கு வரும். நானும் வாங்கியிருக்கிறேன். இப்போது, இடித்து முடிந்த வீட்டுச் சாமான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்குகிறேன். அதுவும் எவ்வளவு சரி என்று சொல்லத் தெரியவில்லை.

தயவுசெய்து அடுத்த கட்டுரையில் படத்துக்குக் கீழே, வேலை முடிய எத்தனை நாள் ஆனது என்பதையும் பூசியவர் பெயரையும் போடுங்கள். உங்கள் நிருபர் வந்தால் சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். கறுப்புச் சட்டை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உள் அலங்கார வடிவமைப்பாளர்,
காரைக்குடி.